சர்ச் கவரில் போடும் 500 ரூபாய் கடல் தாண்டுமா?

ஊர் சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கியூஆர் கோடு வருகிறது. கூடவே ஒரு வரி: 'அறுப்பின் பண்டிகை மிஷனரி காணிக்கை'. கொட்டாம்பட்டியில் பிறந்து பெங்களூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு 500 ரூபாய் அனுப்ப அரை நிமிஷம் போதும். ஆனா, அந்தக் காசு யாருக்குப் போகுது?

பண்டிகையில் என்ன நடக்கும்?

விளைச்சலில் முதல் பங்கு ஆண்டவருக்கு. அதுதான் அடிப்படை. நெல், தேங்காய், பூசணிக்காய், சேவல் எல்லாம் சர்ச்சுக்கு வரும். பிறகு ஏலம். நூறு ரூபாய் பூசணி ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவர் ஏமாந்துவிடவில்லை, அதுதான் அவர் காணிக்கை. இதில் ஒரு பங்கை மிஷனரிகளுக்கு ஒதுக்கும் சபைகள் உண்டு.

கத்தோலிக்கர்களுக்கு அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு. 1926-ல் பதினோராம் பயஸ் போப்பாண்டவராக இருந்தபோது ஏற்பட்டது.

பெரிய பணக்காரர்கள் தருவதா?

இல்லை. 1822-ல் பிரான்ஸின் லியோன் நகரில் போலின் ஜாரிகோ என்ற இளம்பெண் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஆளுக்கு வாரம் ஒரு செப்புக்காசு வாங்கினார். மிசோரமில் 1910 முதல் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியைச் சபைக்கு எடுத்து வைக்கிறார்கள். பிடி அரிசி நம்ம ஊருக்கும் புதுசில்லையே!

மதுரை வாங்கிய ஊரா, கொடுத்த ஊரா?

முதலில் வாங்கிய ஊர். 1834-ல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது; செலவு அமெரிக்க சபைகளின் காணிக்கை. பின்னர் யாழ்ப்பாணத் தமிழர்களே காசு சேர்த்து, கடல் தாண்டி ராமநாதபுரம் சீமையின் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். 1902-ல் யாழ்ப்பாணம் போன வெள்ளாளன்விளைக்காரர் வே. சா. அசரியா இந்த உற்சாகத்தைப் பார்த்தார். அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியில் இருந்த, தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. வாங்கிய கை கொடுக்கும் கையானது இப்படித்தான்.

இன்று வெளிநாட்டுக்கு நேராக அனுப்பலாமா?

இங்கேதான் குழப்பம். வெளிநாட்டு நன்கொடையை வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வெளியே அனுப்பவும் விதி உண்டு. தனிநபர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வங்கி வழியாக அனுப்பலாம். அன்பளிப்பும் நன்கொடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். இந்த வசதி சபைக்கோ அறக்கட்டளைக்கோ கிடையாது. அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால், வரித்துறையின் ஒப்புதல் இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கும் கிடைக்காது. அதனால் 'வெளிநாட்டு ஊழியத்துக்கு' என்று கவரில் அச்சடித்திருந்தால், எந்த வழியில் போகும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

என்ன கேட்கலாம்?

கணக்கு யார் பெயரில்? தனிநபர் எண்ணா, சபையின் வங்கிக் கணக்கா? ரசீது உண்டா? போன வருஷம் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது? தணிக்கைக் கணக்கை சபைக் கூட்டத்தில் வாசிக்கிறார்களா?

'காணிக்கைக்குக் கணக்குக் கேக்கலாமா?' என்று வீட்டில் பெரியவர்கள் தயங்கலாம். ஊழியத்துக்குப் போன குடும்பத்துக்கு மாசம் பொறந்தா அரிசி, வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் இந்தக் காசில்தான். காசு வழியில் நின்றுபோனால், தெரியாத ஊரில் தவிப்பது அவர்கள்தான். கணக்குக் கேட்பது அவர்களுக்காகவும்தான்.