இருமல் தாத்தாவை விட்டுவிட்டுப் போகலாமா?

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது திண்ணையில் தாயக்கட்டை உருட்டிய எல்லோருக்கும் தெரிந்த நியதி. அங்கே உருட்டுகிறவர் ஒருவர். லாபமோ நஷ்டமோ அவருடைய காய்க்குத்தான். ஆனால் நால்வர் சேர்ந்து ஒரே காரியத்தில் இறங்கி, நால்வரும் தனித்தனியே பகடை உருட்டினால்? இருவருக்கு நல்ல எண்ணும், இருவருக்குப் பொல்லாத எண்ணும் விழுந்தால் காரியம் ஜயமா, அபஜயமா?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் அடிக்கடி வரும். அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. நடுவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள், "நான் சுவர் ஏறுகிறேன்", "நான் ஒளிந்து கொள்கிறேன்" என்பார்கள். ஏற முடிந்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். குறித்த எண்ணோ, அதற்கு மேலோ விழுந்தால் பலித்தது. (இருபது முகப் பகடை ஏதோ புது நாகரிகம் என்று எண்ண வேண்டாம், பழைய எகிப்திலேயே அது இருந்திருக்கிறது.)

ஆர்.கே.பேட்டையில் ஐந்து நண்பர்கள் இதை ஆட உட்காருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் நடுவர். ஊர் நெசவாளர் ஊர், ஆகவே கதையும் அதற்கேற்றதுதான். கைலி மூட்டைகளுடன் நால்வர் இரவோடிரவாகத் திருத்தணிக்கு நடக்கிறார்கள். வழியில் கொள்ளைக்காரர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். ஓசைப்படாமல் தாண்ட வேண்டும். மூவர் வாலிபர்கள், 11-க்குக் குறையாமல் விழுந்தால் போதும், அதாவது பாதிக்குப் பாதி. நாலாமவர் இருமல் தாத்தா! அவருக்கு 16-க்குக் குறையக்கூடாது. நாலில் ஒரு பங்குதான்.

"ஒருவர் தவறினாலும் கொள்ளைக்காரர்கள் விழித்துக்கொள்வார்கள்" என்று நடுவர் சொன்னால் என்ன ஆகும்? நால்வரும் தப்ப 32-ல் ஒரு வாய்ப்பு. தாத்தாவை விட்டுவிட்டால் எட்டில் ஒன்று. நாலு மடங்கு லாபம்! உடனே என்ன சொல்வார்கள்? "தாத்தா, நீங்கள் ஊரிலேயே இருங்கள்." தாத்தா வேடம் போட்ட நண்பரோ அன்று மாலை முழுவதும் டீயை ஆற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விளையாட வந்தவனை வேடிக்கை பார்க்க வைக்கும் விதி என்ன விதி?

சரி, "ஒருவர் வென்றால் போதும்" என்று தளர்த்தினால் 32-ல் 29 வாய்ப்பு. பிறகு பகடை எதற்கு?

2014-ல் வந்த பதிப்பின் விதிப் புத்தகம் நடுவழி ஒன்று காட்டியது. கூட்டத்தில் பாதிப்பேராவது வென்றால் கூட்டமே வென்றதாகக் கொள்ளலாம் என்றது. இதில் ஒரு விந்தை இருக்கிறது. தாத்தாவோடு போனால், நாலில் இருவர் வென்றால் போதும். 32-ல் 19 வாய்ப்பு. அவரை விட்டுப் போனால் மூவரில் பாதி ஒன்றரை. ஒன்றரை ஆள் ஏது? இருவர் வென்றாக வேண்டும். அது 32-ல் 16-தான். இருமுகிற கிழவரைக் கூட்டிக்கொண்டு போவதே லாபம் என்று கணக்குச் சொல்கிறது!

அதற்காக எல்லாக் காரியத்துக்கும் பாதிக் கணக்கையே போடுவது சோம்பேறி நடுவரின் வேலை. கைத்தறிக்காகத் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஓர் இழை அறுந்தால் ஒருவர் கண்ணில் பட்டால் போதும். அங்கே ஒருவர் வெற்றியே கூட்டத்தின் வெற்றி. பாவைத் தூக்கிப் பிடித்திருக்கையில் ஒருவர் கை நழுவவிட்டால் எல்லாம் சிக்கல். அங்கே ஒருவர் தோல்வி கூட்டத்தின் தோல்வி. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு முடிக்கிற அவசரத்திலோ, கை விரைந்தவர் மந்தமானவரின் பங்கையும் சேர்த்து இழுத்துவிடலாம். பாதிக் கணக்கு பொருந்துவது இங்கேதான்.

பாதி விதியின் மேல் ஒரு குறையும் உண்டு. தாத்தா இருமியே தீர்த்தாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மற்ற இருவர் வென்றால் இருமல் காற்றோடு போயிற்று. ஜான் ஹார்ப்பர் எழுதி 2017-ல் புத்தகமாக வந்த 'பிளேட்ஸ் இன் தி டார்க்' என்ற ஆட்டம் இதற்கு வேறு வழி செய்திருக்கிறது. கூட்டத்துக்கு ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். எல்லோரும் உருட்டுவார்கள், விழுந்தவற்றில் சிறந்ததே கூட்டத்தின் எண். ஆனால் தவறியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு களைப்பு தலைவர் கணக்கில் ஏறும். ஆகவே இருட்டில் தாத்தா இருமினால், முன்னே நடக்கும் வாலிபன் ஓடிவந்து அவர் வாயைத் துண்டால் பொத்தி, அவருடைய மூட்டையையும் தன் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். திருத்தணி போய்ச் சேரும்போது பெருமூச்சு வாங்குவது தாத்தாவுக்கல்ல, அவனுக்கு.