முயல்குட்டிகளை மிக இளவயதில் வாங்கி வளர்ப்பதால் வரும் நலக்கேடுகள்

வளர்ப்பு முயலின் குட்டியை எட்டு வாரம் நிறையும் முன்பே தாயிடமிருந்து பிரித்து வேறு வீட்டுக்குக் கொண்டு செல்வது, அக்குட்டியின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வயிற்றுப்போக்கு, குடல் இயக்கம் நின்றுபோதல், ஒட்டுண்ணி நோய், உடல் வெப்பம் குறைதல் ஆகியவை இவ்வாறு பிரிக்கப்படும் குட்டிகளிடம் பரவலாகக் காணப்படுகின்றன. "புல் தின்னத் தொடங்கிவிட்டது, இனித் தாய் தேவையில்லை" என்ற எண்ணமே பெரும்பாலும் இதற்குக் காரணம். முயல்குட்டி புல்லைக் கொறிக்கத் தொடங்குவது மூன்றாம் வாரத்தில். அதன் குடல் ஓரளவு உறுதிப்படுவதோ எட்டாம் வார அளவில். இடைப்பட்ட ஐந்து வாரங்களில்தான் ஆபத்து மிகுதி.

குட்டியின் வளர்ச்சிப் படிகள்

முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். பிறக்கும்போது குட்டிக்கு உரோமம் இருக்காது; கண்ணும் திறந்திருக்காது. 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வந்து, தாய் தின்னும் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கும். இந்த வயதுக் குட்டி பஞ்சு உருண்டை போல அழகாக இருக்கும். வாங்குவோர் இதையே விரும்பிக் கேட்பதால், விற்போரும் இந்த வயதிலேயே விற்க முனைகின்றனர்.

தாய் முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். மற்ற நேரங்களில் கூட்டை விட்டு விலகியே இருக்கும். கூடு இருக்கும் இடம் பகை விலங்குகளுக்குத் தெரியாமல் இருக்க இயற்கை அமைத்த வழி இது. இதை அறியாதவர்கள், தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டதாக எண்ணிப் பிரித்துவிடுவதும் உண்டு.

தாய்ப்பாலின் பங்கு

முயலின் நோய் எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி, குட்டி பிறப்பதற்கு முன்பே தாயின் உடலிலிருந்து அதற்குக் கிடைத்துவிடுகிறது. பிறந்த பிறகு பால் வேறொரு வகையில் காக்கிறது. பால் குட்டியின் இரைப்பையில் செரிக்கும்போது, ஆக்டனாயிக், டெக்கனாயிக் என்னும் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இவை தீய நுண்ணுயிர்களைப் பெருகவிடாமல் தடுக்கின்றன.

வளர்ந்த முயலின் இரைப்பையில் கடும் அமிலம் இருக்கும்; அதன் காரகாடித்தன்மை எண் 1 முதல் 2 வரை. பால் குடிக்கும் குட்டியிடம் இந்த எண் 5க்கு மேல் இருக்கும். எனவே திடீரெனப் பாலை நிறுத்தினால் கொழுப்பு அமிலங்களின் காவல் போய்விடும். கடும் அமிலத்தின் காவலும் இன்னும் வந்திராது. தீவனத்தோடும் நீரோடும் வரும் கிருமிகள் தடையின்றிக் குடலை அடையும்.

முயலின் செரிமானத்தில் பெருங்குடல்வாய் என்னும் பகுதி முதன்மையானது. அங்கு வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களே நார்ப்பொருளைச் செரிக்கச் செய்கின்றன. தாய் கூட்டில் இடும் புழுக்கைகளைக் கொறிப்பதன் மூலமும் குட்டி இந்நுண்ணுயிர்களைப் பெறுகிறது. சீக்கிரம் பிரித்தால் இந்த வாய்ப்பும் போகிறது.

பால் மறப்பதும் இடம் மாறுவதும்

இறைச்சிக்காக முயல் வளர்க்கும் பண்ணைகளில் 4 முதல் 6 வாரத்திலேயே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கின்றனர். அப்படியிருக்க வீட்டில் வளர்க்க மட்டும் ஏன் எட்டு வாரம் என்று கேட்கலாம். பண்ணையில் தாய் மட்டும்தான் விலகுகிறது. கொட்டில், தீவனம், நீர், உடன்பிறந்த குட்டிகள் எல்லாம் முன்போலவே இருக்கின்றன. கடையில் வாங்கும் குட்டிக்கோ ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுகின்றன. அத்துடன் பேருந்துப் பயணம், குழந்தைகளின் கை, நாயின் குரைப்பு ஆகியவையும் சேர்கின்றன. இந்த அதிர்ச்சியால் குட்டி உண்பதை நிறுத்தும். உணவு செல்லாவிட்டால் முயலின் குடல் இயக்கம் விரைவில் நின்றுபோகும்.

எனவே முதலில் பால் மறக்க வேண்டும். தாயில்லாமல் ஓரிரு வாரம் அதே இடத்தில் நன்றாகத் தின்று வளர வேண்டும். அதன் பிறகே இடம் மாற்ற வேண்டும்.

ஏற்படக்கூடிய நோய்கள்

குடல் நச்சேற்றம்: கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் குடலில் பெருகி நச்சை உண்டாக்குவதால் வருவது. மாலையில் ஓடித்திரிந்த குட்டி காலையில் இறந்து கிடக்கலாம்.

காக்சிடியோசிஸ்: ஐமீரியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் வருவது. பால் மறந்த குட்டிகளையே மிகுதியாகத் தாக்கும். வயிறு உப்பும், கழிச்சல் ஏற்படும், எடை குறையும். ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரத்தில் முதிர்ந்து தொற்றும் தன்மை பெறச் சில நாள் ஆகும். ஆகவே புழுக்கைகளை நாள்தோறும் அகற்றுவது நல்ல தடுப்பு.

நுரையீரல் அழற்சி: குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் பால் ஊற்றினால், பால் மூச்சுக்குழலுக்குள் சென்று இந்நோய் வரும்.

படர்தாமரை, சொறி: இவை குட்டியைத் தூக்கி விளையாடும் குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியவை.

உணவிலும் மருந்திலும் நேரும் தவறுகள்

பசும்பால் முயல்பாலுக்கு ஈடாகாது. முயல்பாலில் கொழுப்பும் புரதமும் ஒவ்வொன்றும் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். பசும்பாலில் அவை ஏறத்தாழ 4 விழுக்காடே; பால்சர்க்கரையோ முயல்பாலில் உள்ளதைவிட மிகுதி. இதனால் குட்டிக்குச் சத்தும் போதாது, கழிச்சலும் வரும்.

பிஸ்கட், சோறு, ரொட்டி, நிறைய கேரட், முட்டைக்கோசு ஆகியவையும் குட்டிக்கு ஏற்றவை அல்ல. முயலால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே சென்றது குடல் வழியே மட்டுமே வெளியேற வேண்டும். வீட்டிலுள்ள ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது மிகவும் கொடிது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்கக்கூடும்.

தாமிரபரணிப் பகுதியின் தட்பவெப்பம்

முக்கூடல் போன்ற ஆற்றங்கரை ஊர்களில் இருவேறு சிக்கல்கள் உண்டு. கோடையில் திருநெல்வேலி மாவட்டத்தின் சமவெளியில் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். முயலுக்கு 30 பாகைக்கு மேலேயே வெப்ப அயர்ச்சி தொடங்கிவிடும். தகரக்கூரையின் கீழோ மொட்டை மாடியிலோ கூண்டு வைக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டின் ஈரம் காயாது. அப்போது காக்சிடியோசிஸ் பரவ வாய்ப்பு மிகுதி.

நெல் விளையும் பகுதியாதலால் வைக்கோல் எளிதில் கிடைக்கும். அதைப் படுக்கையாக விரிக்கலாம். சத்துக் குறைவானதால் முதன்மைத் தீவனமாகக் கொள்ள இயலாது. உலர்த்திய அருகம்புல், கினியாப்புல் ஆகியவை ஏற்றவை. வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தழைகளைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பிறந்த தேதியைக் கேட்க வேண்டும். எடை இனத்துக்கு இனம் மாறுவதால் உருவத்தை வைத்து வயதை உறுதிசெய்ய இயலாது.
2. இயன்றால் தாய் முயலையும் அது வாழும் கூண்டையும் பார்க்க வேண்டும்.
3. பின்புறம் உலர்ந்து தூய்மையாக இருக்க வேண்டும்; மூக்கு ஒழுகக்கூடாது.
4. இதுவரை தின்ற தீவனத்தில் பத்து நாளுக்குப் போதுமானதை வாங்கி வந்து, புதிய தீவனத்தை அதனுடன் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும்.

வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கென 2018ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றின்படி கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்க வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை.

முன்பே வாங்கிவிட்டால்

எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டி வீட்டுக்கு வந்துவிட்டால், உடனே தாயிடம் திருப்பிச் சேர்ப்பதே சிறந்தது. அது இயலாதபோது, அமைதியான இடத்தில், உலர்ந்த படுக்கையில் வைத்து, பழகிய தீவனம், உலர்புல், தூய நீர் ஆகியவற்றை மட்டும் கொடுக்க வேண்டும். குட்டி அரைநாள் உண்ணாமலிருந்தாலும், புழுக்கை நின்றாலும், காது சில்லிட்டிருந்தாலும், கழிச்சல் கண்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்பகுதி மக்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம்.

காட்டு முயல்குட்டிகள்

தரிசு நிலங்களிலும் உடைமரக் காடுகளிலும் காணப்படுவது வேறோர் இனமான கரும்பிடரி முயல். இதன் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறந்து, செடி மறைவில் அசையாமல் படுத்திருக்கும். அது தாயைப் பிரிந்த குட்டி அன்று. தாய் பால் கொடுக்க வரும். இவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் அடைத்தால் அச்சத்தாலேயே பெரும்பாலும் இறந்துவிடும். கண்டால், எடுக்காமல் விலகிச் செல்வதே அக்குட்டிக்கு நாம் செய்யும் உதவி.