நீலக்கோடு காத்த மலை

நுழையும்முன்

நகரம் வளர்வது இயல்பு. அது எங்கே நிற்க வேண்டும் என முடிவுசெய்வதே அரிது. நீரையும் வரியையும் கருவிகளாகக் கொண்டு, ஒரு நகரத்து மக்கள் தம் மலைச்சரிவுகளைக் காத்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவார நகரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போல்டர் நகரம். அதன் மேற்கே செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும் செந்நிறப் பாறைகள் 'பிளாட்டயர்ன்ஸ்' எனப்படுகின்றன. துணி தேய்க்கும் பழைய இரும்புப் பெட்டிகளை நிமிர்த்தி வைத்தாற்போல் அவை தோன்றும். அவற்றின் அடியில் பைன் காடுகளும், அவற்றையடுத்துப் புல்வெளிகளும் பரந்துள்ளன. 1898 ஆம் ஆண்டிலேயே அடிவாரத்தின் ஒரு பகுதியை நகரம் விலைக்கு வாங்கிப் பொதுப் பூங்காவாக்கியது.

வரைபடத்தில் ஒரு கோடு

1950 இல் ஏறத்தாழ 20,000 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை, 1960 இல் 37,000 ஐக் கடந்தது. கட்டடங்கள் மலையை நோக்கி நகரத் தொடங்கின. மலைச்சரிவு முழுவதையும் உடனே விலைக்கு வாங்குவது நகரத்தால் இயலாத செயல். இந்நிலையில், கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஆல்பர்ட் பார்ட்லெட், ராபர்ட் மெக்கெல்வி முதலியோர் எளிய வழியொன்றை முன்வைத்தனர்.

நீரின்றிக் குடியிருப்பு அமையாது. எனவே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,750 அடி உயரத்தில் வரைபடத்தில் ஒரு கோடு வகுக்கப்பட்டது. அதற்கு மேலுள்ள நிலங்களுக்கு நகரம் குடிநீர் வழங்காது என்னும் விதியை, 1959 இல் மக்கள் வாக்களித்து நகரச் சாசனத்தில் சேர்த்தனர். அக்கோடே 'நீலக்கோடு' எனப் பெயர் பெற்றது.

மக்கள் விரும்பி ஏற்ற வரி

நீரை மறுக்கும் விதி கட்டடங்களைத் தடுக்கும். ஆனால், நிலத்தைப் பொதுவாக்காது. மலையடிவார மேடொன்றில் உல்லாச விடுதி கட்டும் திட்டம் எழுந்தபோது இவ்வுண்மை புலப்பட்டது. 1962 இல் மக்கள் கடன்பத்திரம் வெளியிட இசைந்து, அம்மேட்டை நகரத்திற்கு உரியதாக்கினர். எனினும், ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனியே நிதி தேடுதல் நிலையான வழி அன்று. ஆகவே, 1967 இல் ஒரு விழுக்காடு விற்பனை வரிக்கு வாக்களித்து, அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைத் திறந்தவெளி நிலங்களுக்கென ஒதுக்கினர். திறந்தவெளியை வாங்கிக் காப்பதற்கென ஒரு நகரத்து மக்கள் தாமே வரி விதித்துக்கொண்டது அந்நாட்டில் அதுவே முதன்முறை. இன்று 45,000 ஏக்கருக்கும் மிகுதியான நிலம் நகரின் பாதுகாப்பில் உள்ளது.

பயன்பாடும் கட்டுப்பாடும்

இந்நிலங்களில் மக்கள் நடக்கின்றனர், பறவைகளை நோக்குகின்றனர், பாறை ஏறுகின்றனர். ஆனால், மிகுதியான காலடிகளே மண்ணை அரிக்கவும் தாவரங்களை நசுக்கவும் கூடும். எனவே, பாதைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. கழுகு, வல்லூறு போன்ற பறவைகள் பாறைகளில் கூடுகட்டும் பருவத்தில், பிப்ரவரி முதல் ஜூலை வரை சில பகுதிகள் மூடப்படுகின்றன. தாம் வரி செலுத்திக் காத்த மலையே ஆயினும், அப்பருவத்தில் மக்கள் அதனைப் பறவைகளுக்கு விட்டு விலகி நிற்கின்றனர்.

இம்முயற்சிக்கு மற்றொரு விலையும் உண்டு. நகரைச் சுற்றிக் கட்டடம் எழுப்பும் நிலம் குறைந்ததும் வீட்டு விலை உயர்ந்ததற்கு ஒரு காரணமாயிற்று. நகரில் பணிபுரிவோர் பலர் தொலைவிலுள்ள ஊர்களில் வசித்து நாள்தோறும் வந்து செல்கின்றனர். மலையைக் காத்த நகரம், அம்மலையின் அருகே எளியோரும் வாழ வழி காண வேண்டிய கடமையை இன்று எதிர்கொள்கிறது.

திறந்தவெளி தானே நிலைப்பதில்லை. ஒரு தலைமுறை வரைந்த கோட்டை அடுத்த தலைமுறையும் மதித்தால் மட்டுமே அது நிலைக்கும். போல்டர் நகர மக்கள் காத்தது மலையை மட்டுமன்று. பொதுநலனுக்காகக் கூடி முடிவெடுக்கும் பழக்கத்தையும் ஆகும்.