வெடிக்காத குண்டு யார் பொறுப்பு?

 

லீவு நாள்ல நானும் என் தம்பியும் ஓடைப் பக்கம் ஆணி, தகரம், கம்பித் துண்டு பொறுக்குவோம். பழைய இரும்புக் கடையில போட்டா ஐஸ் வாங்கக் காசு கிடைக்கும். லாவோஸ் நாட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் இரும்பு பொறுக்கினார்களாம். ஆனால் அவர்கள் எடுத்ததில் சில வெடித்துவிட்டன. இதைப் படித்த அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.

லாவோஸ், வியட்நாமுக்குப் பக்கத்து நாடு. வியட்நாம் போர் நடந்தபோது, 1964 முதல் 1973 வரை, அமெரிக்க விமானங்கள் அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அதில் கொத்துக் குண்டுகள் ஏராளம். பெரிய கூடு நடுவானத்தில் திறந்து, உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகள் சிதறி விழும். அப்படி விழுந்தவை சுமார் 27 கோடி. அதில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்கிறார்கள். பந்து மாதிரி இருப்பதால் குழந்தைகள் எடுத்து விளையாடிக் கை, கால், உயிரை இழந்தார்கள்.

சரி, இதை யார் அகற்றுவது? வேலையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

1. ஊர் மக்கள்: குண்டைப் பார்த்தால் தொடக் கூடாது. உடனே தகவல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வேலை.

2. அகற்றும் குழு: 1996-இல் ‘யு.எக்ஸ்.ஓ. லாவோ’ என்ற அரசு அமைப்பு தொடங்கப்பட்டது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் உதவுகின்றன. இவர்கள் நிலத்தை அளந்து, எல்லை குறித்து, கருவியால் அங்குலம் அங்குலமாகத் தேடுவார்கள். சாதாரண ஆணிக்கும் கருவி சத்தம் போடும். ஆனாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மெதுவாகத் தோண்டிப் பார்த்தே ஆகணும். குண்டு கிடைத்தால் பெரும்பாலும் தூக்கிப் போகாமல், ஆட்களை விலக்கிவிட்டு அங்கேயே வெடிக்க வைப்பார்கள்.

3. சரிபார்ப்பவர்: இதற்குத் தேசிய ஒழுங்குமுறை ஆணையம் என்று தனி அமைப்பு. எந்தக் குழு வேலை செய்யலாம், எப்படிச் செய்ய வேண்டும் என்று விதி வைப்பதும், செய்ததைச் சோதிப்பதும் இதன் பொறுப்பு. நம்ம பரீட்சை பேப்பரை நாமே திருத்த முடியுமா? அது மாதிரிதான். அங்கே தப்பாத் திருத்தினா மார்க் போகாது, உயிரே போயிடும்.

குண்டு போட்ட நாட்டுக்குப் பொறுப்பு இல்லையா? கொத்துக் குண்டுத் தடை ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குண்டு கிடக்கும் நாடுதான் தன் நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். போட்ட நாடு உதவ வேண்டும் என்று வலியுறுத்துகிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்கா அதில் சேரவும் இல்லை. ஆனாலும் பல ஆண்டுகள் பண உதவி செய்தது. 2016-இல் லாவோஸ் சென்ற அதிபர் ஒபாமா, மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்.

போட்டவர் ஒருவர், பொறுக்கி எடுப்பவர் இன்னொருவர். இது எனக்கு நியாயமாத் தெரியல. உங்களுக்கு எப்படித் தோணுது?

இப்போ என் தம்பிகிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன்: “என்னன்னு தெரியாத இரும்பைத் தொடாதே, தட்டாதே. பெரியவங்ககிட்ட ஓடி வந்து சொல்லு.” நீங்களும் உங்க தம்பி, தங்கைகளுக்குச் சொல்லுங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி