மருந்தின் அளவறியும் மரபிழை

பெற்றோரின் சாயலை மக்களுக்குக் கொண்டுசேர்ப்பது டி.என்.ஏ. என்னும் மரபிழை என்பதை நாம் அறிவோம். அவ்விழை வேறொரு தொழிலும் செய்யவல்லது. ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் இழைகளை நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

கோடானுகோடி இழைகளை அப்பொருளின்மீது பாயவிட்டு, ஒட்டாதவற்றைக் கழுவிக் களைந்து, ஒட்டியவற்றைப் பெருக்கி, மீண்டும் மீண்டும் சலித்தெடுப்பதே முறை. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்.என்.ஏ. இழைகளைக் கொண்டு இது தொடங்கிற்று. 1992-இல், இரத்தத்தை உறையச் செய்யும் திராம்பின் என்ற புரதத்தைப் பற்றும் டி.என்.ஏ. இழை கிடைத்தது. அதில் 15 கண்ணிகளே உள்ளன.

பற்றியதை அறிவது எங்ஙனம்? இழையின் ஒரு முனையைத் தங்க மின்வாயில் பிணைத்து, மறுமுனையில் மெதிலீன் நீலம் என்னும் சாயத்தைச் சேர்க்கிறார்கள். தேடிய பொருள் வந்து சேர்ந்ததும் இழை உருமாறுகிறது, சாயம் இடம் பெயர்கிறது, மின்னோட்டம் மாறுகிறது. அம்மாற்றமே அளவைச் சொல்லும்.

கானமைசின் போன்ற மருந்து குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும்; மிகுந்தால் சிறுநீரகமும் செவியும் கெடும். இரத்தத்தைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி விடை பெறுவதற்குள் உடலிலுள்ள அளவு மாறிவிடுகிறது. 2017-இல் வெளியான ஆராய்ச்சியிலோ, நடமாடும் எலிகளின் இரத்தக் குழாயிலேயே இவ்வுணர்வியை வைத்து, சில வினாடிகளுக்கு ஒருமுறை மருந்தளவைக் கண்டனர்.

ஆயினும், நேரம் செல்லச் செல்ல இரத்தத்தினுள் மின்குறி தளர்கிறது. அத்தடை நீங்குமாயின், மருந்தின் அளவை நாம் எடை பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. நோயாளியின் உடலையே கேட்டறியலாம்.