யூத உணவு விதியில் விலாங்கு: ‘செதிள்’ என்னும் சொல்லின் பொருள் வரையறை

இலண்டனின் கிழக்குப் பகுதியில் வேகவைத்து உறையச் செய்தும், சப்பானில் சோயாச் சாறு பூசிச் சுட்டும் உண்ணப்படும் விலாங்கினை யூத சமய மரபு விலக்குகிறது. பாம்பை ஒத்த உருவமே இதற்குக் காரணம் என்பது பரவலான எண்ணம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்னும் வழக்கினை அறிந்த தமிழர்க்கு அது இயல்பாகவும் தோன்றலாம். ஆயினும் விதியின் அடிப்படை அதுவன்று.

லேவியராகமமும் (11:9-12) உபாகமமும் (14:9-10) நீர்வாழ்வனவற்றுள் துடுப்பும் செதிளும் உடையவற்றையே உண்ணத்தக்கனவாகக் கொள்கின்றன. (தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் துடுப்பு ‘சிறகு’ எனப்படும்.) செதிளுள்ள மீன் அனைத்துக்கும் துடுப்பு உண்டு என்றும், துடுப்புள்ளவற்றுள் செதிளற்றனவும் உள என்றும் மிசுனா (நித்தா 6:9) கூறுவதால், நடைமுறையில் செதிளே முடிவு செய்யும் அடையாளமாகிறது.

விலாங்கிற்குச் செதிளே இல்லை என்று எழுதுவோர் உளர். காங்கர், மோரே முதலிய கடல்விலாங்குகளுக்கு அது பொருந்தும், ஆற்றுவிலாங்கிற்குப் பொருந்தாது. அங்குயில்லா பேரினத்து மீன்கள் வளர்ந்தபின் நுண்ணிய நீள்வட்டச் செதிள்களைப் பெறுகின்றன. அவை தோலினுள் புதைந்து, கோழையால் மூடப்பட்டிருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. எனவே, செதிள் இருந்தும் விலக்கு ஏன் என்பதே ஆராயத்தக்க வினா.

புலப்படாமை மட்டும் காரணமாகாது. இளமையில் செதிளின்றிப் பின்னர்ப் பெறும் மீனையும், நீரைவிட்டு வெளியேறும்போது செதிளை உதிர்த்துவிடும் மீனையும் தால்முத்து (அவோதா சாரா 39அ) அனுமதிக்கிறது. விடை ‘கஸ்கெஸெத்’ என்னும் எபிரேயச் சொல்லின் பொருளில் உள்ளது. குல்லின் (66ஆ) பகுதி இச்சொல்லைக் கோலியாத்தின் கவசத்தோடு (1 சாமுவேல் 17:5) இணைத்து விளக்குகிறது. கவசம் உடலின்மேல் அணியப்படுவது, உடலின் கூறன்று. 13ஆம் நூற்றாண்டினரான நக்மானிதேஸ், தோலோடு ஒன்றாமல் கையாலோ கத்தியாலோ பெயர்த்தெடுக்கத்தக்கதே செதிள் என்று வரையறுத்தார். 16ஆம் நூற்றாண்டில் கிராகோவின் மோசே இசர்லஸ், சுல்கான் அரூக் நூலுக்கு எழுதிய குறிப்புகளில் இதனைச் சட்டமாகவே பதிவு செய்தார். விலாங்கின் செதிளைத் தோல் சிதையாமல் எடுக்க இயலாது. விலங்கியல் செதிள் எனக் கொள்வதைச் சமயச் சட்டம் செதிளாகக் கொள்ளாமைக்கு இதுவே காரணம்.

இவ்வரையறையின் எல்லையும் ஒருமுறை கடும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் பிராகாவின் எசேக்கியேல் லாண்டௌ, காரநீரில் ஊறியபின் செதிள் பெயர்ந்த ஸ்டர்ஜன் வகையொன்றை உண்ணலாம் என்று தீர்ப்பளித்தார். வைதிக அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. ஸ்டர்ஜன் அவர்களிடையே இன்றும் விலக்கப்பட்ட மீனே.