மாத்திரையை எண்ணும் முன் வலியைக் கேளுங்கள்

2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். மூட்டுவலி, முதுகுவலி, புற்றுநோய் வலி என்று அவர்களில் பலருக்கு ட்ரமடால், மார்பின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் எழுதித் தரப்படுகின்றன. ஒன்று போட வேண்டிய நேரத்தில் இரண்டு போடுவதும், பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்குவதும், தூக்க மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதும் வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. அதனால் வரும் தடுமாற்றம், மலச்சிக்கல், மந்தம் எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். 2018-இல் ட்ரமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். சட்டம் மருந்துக்கடை வரைதான் போகும். கட்டிலருகே உள்ள மாத்திரை டப்பா வரை போகிறவர் செவிலியர்தான்.

கேரள அரசு 2008-இல் வலிநிவாரணப் பராமரிப்புக்கென்றே கொள்கை வகுத்தது. இன்று உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். ஆகவே திருவனந்தபுரத்தின் நர்சிங் மாணவர்கள் ஊசி போடப் பழகுவதுபோல் பேசவும் பழக வேண்டும். "ஏன் இத்தனை சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் பெரியவர் டப்பாவை ஒளித்துவைப்பார். "ராத்திரி வலி எப்படிம்மா இருக்கு? மாத்திரை போட்டா எவ்வளவு நேரம் தாங்குது?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். கூடுதலாகப் போடக் காரணம் தூக்கம் வராததா, தனிமையா, போதாத மருந்தளவா என்பது அப்போதுதான் தெரியும். நோயாளியாக நடிப்பவரிடம் பலமுறை பேசிப் பார்த்து, ஆசிரியர் திருத்தினால்தான் இந்தப் பக்குவம் கைவரும்.

இப்படிப் பயிற்றுவித்தால் மார்பின் மருந்து மீதான பழைய பயம் திரும்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகள் மருந்தின்றித் துடித்தார்கள். திருவனந்தபுரத்தில் பேலியம் இந்தியா என்ற வலிநிவாரணப் பராமரிப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோரின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகே 2014-இல் அந்தச் சட்டம் தளர்ந்தது. அதனால்தான் பயிற்சி இன்னும் அவசியமாகிறது. பயிற்சி இல்லாதவர் பயத்தில் மருந்தையே நிறுத்தச் சொல்வார். திடீரென நிறுத்தினால் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வலியும் சேர்ந்து பெரியவரை வாட்டும். பயிற்சி பெற்றவர், வலி அடங்காமல் கூடுதலாகப் போடுபவரையும் பழக்கத்துக்கு ஆளானவரையும் பிரித்தறிந்து, இருவரையும் மருத்துவரிடம் சேர்ப்பார்.

இது மருத்துவர் வேலை என்பது அடுத்த வாதம். மருந்தளவை மாற்றுவது அவர் பொறுப்பு, சந்தேகமில்லை. ஆனால் வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் சொல்லத் தயங்குவதை, தன் வீட்டுத் திண்ணையில் பெரியவர் சொல்லக்கூடும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பதையும் ஏற்க முடியாது: முதியோர் நலமும் மனநலமும் ஏற்கெனவே நர்சிங் பாடங்கள்தான், அவற்றின் செய்முறை நேரத்திலேயே இந்த உரையாடலைப் பழக்கலாம். வீடு தேடிப் போகும் செவிலியரை உருவாக்கிய கேரளம், அங்கே என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்பதையும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.